இருபது மில்லிசெகண்டுப் பொறுமை

யந்திரம் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். அந்த நம்பிக்கையால் ஒரு நல்ல நண்பனின் மனத்தைப் புண்படுத்திவிட்டேன். அந்தக் கதையைத்தான் அன்பர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பொங்கல் விழாவில் நாடகமா, பட்டிமன்றமா என்று நம் சங்கத்தில் வழக்கு எழுந்தது. வாக்கெடுத்துவிடலாம் என்றார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். “சீட்டு எதற்கு? யந்திரம் செய்து தருகிறேன்” என்று முன்வந்தேன். ஆர்டுயினோ யூனோ பலகை ஒன்று, பொத்தான்கள் இரண்டு, எண்களைக் காட்ட ஒரு சிறு திரை. ஒரே மாலையில் வேலை முடிந்தது. பெட்டிக்குக் காவலாக என் அறை நண்பன் அமர்ந்தான். அவன் ஒரு நாடகப் பித்தன்.

வாக்களித்தவர்கள் 42 பேர். திரை காட்டியதோ நாடகத்துக்கு 61, பட்டிமன்றத்துக்கு 36! அத்தனை பேர் முன்னிலையில், “நீதானே அழுத்தினாய்?” என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்விட்டான். அன்றிரவு மெஸ்ஸுக்கும் வரவில்லை.

எனக்கும் உறக்கம் வரவில்லை. எண்ணிக்கையை அழித்துவிட்டு, பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தினேன். திரையில் 3! மறுபடி அழுத்தினேன், 5! நெஞ்சு திக்கென்றது.

காலையில் சோதனைச்சாலை ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. பொத்தானுக்குள் உலோகத்தின்மீது உலோகம் மோதுகிறது. மோதியதும் நிலைத்து நிற்பதில்லை; தரையில் விழுந்த பந்தைப்போலச் சில முறை துள்ளித்தான் அடங்குகிறது. விரலை எடுக்கும்போதும் அப்படியே. சில மில்லிசெகண்டு நேரத் துள்ளல்தான், நமக்குத் தெரியாது. ஆனால் அந்த மைக்ரோகண்ட்ரோலரின் கடிகாரம் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. 2 மில்லிசெகண்டு என்றால் அதற்கு 32,000 துடிப்புகள்! துள்ளல் ஒவ்வொன்றையும் தனி வாக்காக எண்ணுமாறு நான்தான் நிரல் எழுதியிருந்தேன்.

பரிகாரம் எளிதுதான். 5 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை பொத்தானைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து 5 முறை ஒரே நிலை தெரிந்தால்தான், அதாவது 20 மில்லிசெகண்டு நிலைத்திருந்தால்தான், அதை நம்ப வேண்டும். அழுத்தாத நிலையிலிருந்து அழுத்திய நிலைக்கு மாறும்போது மட்டுமே ஒன்று கூட்ட வேண்டும். அப்போது ஒருவர் விரலை எடுக்காமல் நின்றாலும் ஒரு வாக்குத்தான்.

மாலையில் மீண்டும் வாக்கெடுத்தோம். நாடகத்துக்கு 25, பட்டிமன்றத்துக்கு 17, மொத்தம் 42. குற்றம் சாட்டியது எல்லார் முன்னிலையிலும் அல்லவா? மன்னிப்பையும் எல்லார் முன்னிலையிலுமே கேட்டேன்.

நண்பன் சிரித்தான். “பொத்தானை நம்புவதற்கு 20 மில்லிசெகண்டு பொறுக்க வேண்டும் என்று யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாய். உனக்கு யாரடா சொல்லிக் கொடுப்பது?” என்றான்.

விடை சொல்லத் தெரியாமல் நின்றேன். அவனே என் தோளில் கை போட்டு மெஸ்ஸுக்கு அழைத்துச் சென்றான்.