காவிரித் தண்ணீரில் கரைந்திருக்கும் மாத்திரை

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகருக்குள் சுகவனேஸ்வரர் கோயில் பக்கமாக ஓடுகிறது. ஊர்ச் சாக்கடையும் சாயக்கழிவும் சேர்ந்து, உத்தமசோழபுரம் தாண்டி நாமக்கல் மாவட்டத்துக்குள் போகும்போது தண்ணீரில் நுரை மிதக்கும். பரமத்தி வேலூர் அருகே நன்செய் இடையாற்றில் அது காவிரியோடு சேர்கிறது. அகன்ற காவிரியில் அந்த நுரையைத் தேடத்தான் வேண்டும். கரையெல்லாம் வாழை, வெற்றிலை, தென்னை.

தெளிவாகத் தெரிந்தால் நல்ல தண்ணீர் என்று அர்த்தமில்லை. பாசன நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் உப்பின் அளவும் கார அமிலத்தன்மையும் தெரியும். மருந்து, பூச்சிக்கொல்லி, சோப்பு ஆகியவற்றின் நுண்மாசு அதில் தெரியாது. அளவு அவ்வளவு சொற்பம். மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. அத்தனை தண்ணீரிலும் சுமார் 2.65 கிலோ மருந்து கரைந்தால், லிட்டருக்கு 1 நானோகிராம்தான் வரும்.

அதையும் கண்டுபிடிக்க வழி உண்டு. தண்ணீரைப் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். வடிகட்டி, மாசை ஒட்டவைக்கும் பொடி நிரப்பிய சிறு குழாய் வழியாக விடுகிறார்கள். ஒட்டியதைக் கொஞ்சம் கரைப்பானால் கழுவி எடுத்தால், லிட்டர் கணக்கான தண்ணீரில் இருந்த மாசு சில சொட்டில் திரண்டுவிடும். பிறகு ஒரு கருவி பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்க, இன்னொன்று மூலக்கூறின் எடையை வைத்து இன்ன மருந்து என்று அடையாளம் சொல்லும்.

சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் காவிரியை இப்படி இரண்டு ஆண்டுகள் பரிசோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். வலி மருந்துகளான ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ரத்த அழுத்த மாத்திரையான அட்டனலால், ஆன்டிபயாடிக்கான சிப்ரோஃப்ளாக்சசின் எல்லாம் ஆற்றில் இருந்தன. இதில் டைக்ளோஃபெனாக் கால்நடை வளர்ப்போருக்குத் தெரிந்த பெயர். அது போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக மடிந்ததால், 2006-ல் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டது.

ஆன்டிபயாடிக் சிறிதளவே தொடர்ந்து பட்டாலும் கிருமிகள் பழகிக்கொள்ளும். பிறகு மாட்டுக்கும் மனிதருக்கும் அந்த மருந்து கேட்காது. சாக்கடையைச் சுத்திகரிக்கும் சாதாரண நிலையங்கள் இந்த மருந்துகளை முழுவதும் நீக்குவதில்லை. அதனால் ஆற்றில் சேராமல் பார்ப்பதே முதல் வேலை. மீந்த மாத்திரையைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். மாட்டுக்கும் கோழிக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பது கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டுமே. பூச்சிமருந்து டப்பாவை வாய்க்காலில் கழுவாமல், மூன்று முறை அலசிய தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிடலாம்.