மூடும் கணக்கு

திருநெல்வேலிப் பக்கம் குழாய் பதித்துப் பழகியவன் நான். அங்கே செம்மண்ணில் ஒன்றரை மீட்டர் வெட்டினால் பள்ளத்தின் சுவர், தட்டில் வெட்டிய மைசூர்பாகு மாதிரி நிற்கும். காலையில் ஜேசிபியை விட்டு நீளமாகத் தோண்டிப் போட்டுவிட்டு, குழாய் லாரி வரும்வரை வேப்ப மரத்தடியில் உட்காரலாம். பாறை தட்டினால்தான் தலைவலி. அந்தப் பழக்கத்தோடுதான் ஒரு கான்டிராக்ட் கம்பெனியின் சூப்பர்வைசராகக் கொச்சியின் தோப்பும்படிக்கு வந்தேன்.

வந்த புதிதில் எங்கள் இன்ஜினியர் கேட்ட கேள்வி: “சாயங்காலத்துக்குள்ள எத்தனை மீட்டர் மூடுவீங்க?” எத்தனை மீட்டர் தோண்டுவாய் என்று மட்டுமே கேட்டுப் பழகிய எனக்கு, மனுஷன் மாற்றிக் கேட்கிறாரோ என்று தோன்றியது.

தோண்டியதும் புரிந்தது. தோப்பும்படிக்கு ஒரு பக்கம் காயல். மேற்கே கொஞ்ச தூரத்தில் கடல். ஒரு மீட்டர் போவதற்குள் தண்ணீர் ஊறிவிடுகிறது. அடியில் சேறும் மணலும்தான். பம்ப் போட்டு இறைத்தால் தண்ணீரோடு பொடி மணலும் சேர்ந்து வரும். அந்த மணல் வேறெங்கிருந்தும் வரவில்லை, பக்கத்து வீட்டு மதிலுக்கு அடியிலிருந்து வருகிறது. அதிகநேரம் இறைத்தால் மதிலில் விரிசல் விழும். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது என்பது அடுத்த சிக்கல். ஓடையில் விடலாம்தான். ஆனால் கடல் ஏறும் வேளையில் ஓடையே நிறைந்து நிற்கும். விட்ட தண்ணீர் தெருவுக்கே திரும்பி வரும். அதனால் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல நாங்கள் ஓத அட்டவணை பார்த்து இறங்குவோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஆழமான வேலை வைத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, குழாய் மிதக்கும். 315 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் மீட்டருக்குச் சுமார் 78 கிலோ தண்ணீரைத் தள்ளும். சாதாரண அழுத்த ரகக் குழாயின் எடை அதில் பாதிகூட வராது. இரவில் டீசல் தீர்ந்து பம்ப் நின்றால் போதும், மண் போடாமல் விட்ட காலிக் குழாய் மட்டம் தப்பி மேலே எழும்பிவிடும். ஆகவே தோண்டியதை அன்றே பதித்து, அன்றே மண் போட்டு இறுக்க வேண்டும். ஒரு நாளில் எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவுதான் தோண்டலாம். திட்டம் வால் பக்கத்திலிருந்து தொடங்குகிறது.

பூமிக்குள் என்ன இருக்கிறது என்பதையும் வரைபடம் முழுதாகச் சொல்லாது. சொவ்வரையிலிருந்து பெரியாற்று நீரைக் குழாயில் கொண்டுவரத் தொடங்கி நூறு வருஷம் கடந்த ஊர் இது. வார்ப்பிரும்பு, ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட், பிளாஸ்டிக் என்று ஒவ்வொரு காலத்தின் குழாயும் கீழே கிடக்கிறது. நடுவே மின்கேபிள், தொலைபேசிக் கேபிள். ஜேசிபி இறங்கும் முன் கடப்பாரையால் கைக்குழி போட்டுப் பார்ப்பதைத் தவிர நம்பகமான வழி கிடையாது. 2023 மார்ச்சில் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலியைக் கொண்டுவந்தது. தோண்டுகிறவர் முன்கூட்டித் தெரிவித்தால், கீழே கேபிளும் குழாயும் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் கைக்குழியை நான் விடுவதில்லை.

மேலே இருக்கிற மனிதர்களின் கணக்கு வேறு. விடியும் முன்னே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டிகளோடு லாரிகள் கிளம்பும். கருவேலிப்படி அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் போகவேண்டும். டீக்கடைச் சேச்சி தினமும் கேட்பார்: “சாரே, எப்பழா மூடுன்னே?” அவர் குழாய்க்கு எதிரி இல்லை. 2023 தொடக்கத்தில் பாழூர் பம்ப் நிலைய மோட்டார்கள் பழுதாகி மேற்குக் கொச்சி தண்ணீருக்குத் தவித்ததே, அப்போது குடத்தோடு டேங்கர் லாரிக்குக் காத்திருந்தவர்தான். தண்ணீர் வேண்டும், ஆனால் கடை வாசலில் பள்ளம் எத்தனை நாள் என்று தெரிய வேண்டும். நியாயமான கேள்வி.

பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் பணம் நகரும் விதம். எம் புக் என்கிற அளவுப் பதிவேட்டில் பதித்த மீட்டர் ஏறினால் பில் நகரும். ஆகவே கான்டிராக்டருக்கு முன்னே போவதில்தான் ஆசை. சாலையைப் பழையபடி ஆக்கும் வேலை பல இடங்களில் இன்னொரு துறையுடையது. அதற்குக் கட்டிய பணம், தனி மதிப்பீடு, தனி டெண்டர் என்று மாதங்கள் ஓடும். 2019 டிசம்பரில் பாலாரிவட்டம் மெட்ரோ நிலையத்தருகே, குழாய்க் கசிவுக்காகத் தோண்டி மாதக்கணக்கில் சரியாக மூடாமல் கிடந்த குழியால் பைக்கில் வந்த இளைஞர் ஒருவர் லாரிக்கு அடியில் விழுந்து இறந்தார். கேரள உயர் நீதிமன்றம் அந்தப் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டது. அந்தக் குழியை மூட ஒரு நாள் வேலைகூட இருந்திருக்காது.

என் தொழிலில் இருப்பவர்கள் கோபித்தாலும் சொல்கிறேன். மண் இறுக்கி, மேலே தற்காலிகத் தார் போட்ட பிறகே அந்த மீட்டருக்குப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். பாதிச் சிக்கல் தீரும். உங்கள் தெருவில் ஜேசிபி வந்து நின்றால், வேலை எப்போது ஆரம்பம் என்று கேட்காதீர்கள். இன்று தோண்டுவதை இன்றைக்கே மூடுவீர்களா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். தயங்கினால் வார்டு கவுன்சிலரைக் கூப்பிடுங்கள்.