அக்கார்டியனும் நாமும்

நமக்குப் பத்து வயதிருக்கும். கப்பலில் பணியாற்றிய சாச்சா, ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய அக்கார்டியனுடன் விடுப்பில் வந்தார். வலப்புறம் பத்துப் பொத்தான்கள். நடுவே மடிப்பு மடிப்பாய்த் துருத்தி. வீட்டார் சூழ்ந்து நின்றனர். பள்ளியிலிருந்த ஆர்மோனியத்தில் ஏழு சுரங்களையும் தட்டிப் பழகியிருந்த செருக்கு நமக்கு. ஒரு பொத்தானை அழுத்தித் துருத்தியை விரித்தோம். ஒரு சுரம் எழுந்தது. விரலை எடாமலே சுருக்கினோம். வேறொரு சுரம் எழுந்தது.

"சாச்சா, இது பழுது. உங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்று தீர்ப்பளித்தோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. பெட்டி பரணேறிற்று. சில ஆண்டுகளில் துருத்தியை எலி கடித்துவிட, பழைய சாமான் வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்தது.

நாம் விரிவுரையாளரான பின்னரே உண்மை தெரிந்தது. திரையிசைக் குழுவில் வாசித்த முதியவர் ஒருவர் தம் பியானோ அக்கார்டியனைத் திறந்து காட்டினார். உள்ளே ஒவ்வொரு சுரத்திற்கும் இரண்டு எஃகு நாக்குகள்: விரிக்கையில் ஒன்று அதிரும், சுருக்கையில் மற்றொன்று. இரண்டையும் ஒரே சுரத்தில் அமைத்தால் அவர் கையிலிருந்த கருவி. வெவ்வேறு சுரத்தில் அமைத்தால் சாச்சாவின் பெட்டி. மவுத் ஆர்கனை ஊதினால் ஒன்று, உறிஞ்சினால் மற்றொன்று என்பதை அறிந்திருந்தும் அன்று நமக்கு அது தோன்றவில்லை.

அதன்பின் தேடிப் படித்தோம். 1829இல் வியன்னாவில் சிரில் டெமியன் காப்புரிமை பெற்ற முதற் கருவியே இரு குரலுடையதுதான். ஐந்தே விசைகள், விரித்தும் சுருக்கியும் பத்துச் சுரக்கூட்டுகள். சுரக்கூட்டைக் குறிக்கும் 'அக்கார்டு' என்ற சொல்லே அதன் பெயராயிற்று. ஜெர்மனியில் தோன்றி, அர்ஜென்டினாவின் டாங்கோ இசைக்கு உயிராகிப்போன பாண்டோனியனும் பெரும்பாலும் இவ்வகையே. பொத்தான்கள் இருந்தும் எத்திசையிலும் ஒரே சுரம் தருவது உருசியாவின் 'பயான்'; அந்நாட்டுப் பழங்காப்பியம் ஒன்று போற்றும் பாணனின் பெயர் அது. கருவிக்குப் பாணன் பெயரிட்ட மக்கள்மீது தமிழாசிரியராகிய நமக்குத் தனி அன்பு உண்டாயிற்று.

சென்ற ஆண்டு சாச்சா நோயுற்றிருந்தபோது, அருகமர்ந்து இவையனைத்தையும் கூறி, நம் பிழையை ஒப்புக்கொண்டோம். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைக்காரன் வாசித்துக் காட்டியபோது நன்றாகத்தான் இருந்தது. நீ படிக்கிற பிள்ளை, நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்" என்றார்.