சிவப்பு வட்டத்துக்குள் ஓர் எண்

சேலம் கொண்டலாம்பட்டியில் ஏறி மேற்கே விட்டால் கொச்சி இடப்பள்ளியில் போய் இறங்கலாம். ஏறத்தாழ 340 கிலோமீட்டர். இன்றைக்கு இதன் பெயர் தேசிய நெடுஞ்சாலை 544. 2010-ல் எண்களை மாற்றும் வரை, கன்னியாகுமரி வரை நீண்ட 47-ம் எண் சாலையின் ஒரு துண்டு இது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னமும் இது என்.எச்.47-தான். திருப்பூர் இந்தச் சாலையின் மேல் இல்லை, தெற்கே சற்றுத் தள்ளி இருக்கிறது. ஆனால் செங்கப்பள்ளி, பெருமாநல்லூர், அவிநாசி என்று மூன்று கைகளால் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பனியன் பெட்டி கப்பலுக்குப் போவதற்கும், நூலும் சாயமும் மிஷினும் ஊருக்குள் வருவதற்கும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே தைக்கிறவர் கடைக்குப் போய்த் திரும்புவதற்கும் இந்தச் சாலை வேண்டியிருக்கிறது.

எத்தனையோ முறை போய்வந்த சாலைதான். இந்தத் தடவை ஒரே ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு போனேன்: சிவப்பு வட்டத்துக்குள் எழுதியிருக்கும் எண்.

அந்த எண்ணை யார் எழுதுகிறார்கள்? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவு இரண்டு அரசுகளிடம் பேனாவைக் கொடுத்திருக்கிறது. நாடு முழுமைக்குமான உச்சத்தை மத்திய அரசு சொல்லும். மக்கள் பாதுகாப்பையோ, ஒரு சாலையின் அல்லது பாலத்தின் தன்மையையோ கருதி மாநில அரசு அதைக் கட்டுப்படுத்தலாம். அப்படிக் கட்டுப்படுத்தும்போது அரசிதழில் அச்சிட்டால் மட்டும் போதாது, பொருத்தமான இடங்களில் பலகையும் நடவேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான். ஓட்டுகிறவன் அரசிதழ் படிப்பதில்லை என்று தெரிந்த யாரோ ஒருவர் எழுதிய வரி.

மத்திய அரசு கடைசியாகப் பெரிய அளவில் இதை மாற்றியது 2018 ஏப்ரல் 6-ல். எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கு 120, நடுவில் தடுப்பு வைத்த நான்குவழிச் சாலையில் 100, மற்றச் சாலைகளில் 70. பஸ்ஸுக்கு நான்குவழியில் 90, லாரிக்கும் பைக்குக்கும் 80, ஆட்டோவுக்கு 50. இன்ஜின் நன்றாகிவிட்டது, சாலை நன்றாகிவிட்டது, ஆகவே எண்ணும் உயரலாம் என்பது அதன் அடிப்படை.

சங்ககிரியில் டீ குடிக்க நிறுத்தினால் இந்த அறிவிக்கையின் மறுபக்கம் தெரியும். லாரி ஊர் அது. பட்டறை, டயர் கடை, பாடி கட்டும் ஷெட், அடுத்த லோடுக்குக் காத்திருக்கும் ஓட்டுநர். ஒரே வாரத்தில் மூன்று நான்கு மாநிலங்களைத் தாண்டுகிற ஆட்கள் அவர்கள். எந்த மாநிலத்தில் எவ்வளவு என்று கேட்டால் எண் வராது. எந்த இடத்தில் கேமரா என்றுதான் பதில் வரும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மும்பை–புணே எக்ஸ்பிரஸ்வேயில் சமவெளியில் ஓர் எண், மலை இறக்கத்தில் வேறோர் எண். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் பனிமூட்டக் காலம் வந்தால் எண் இறங்கும். இவற்றுக்காவது காரணம் கண்ணுக்குத் தெரிகிறது: மலை தெரிகிறது, பனி தெரிகிறது. எல்லைக்கோட்டில் மாறும் எண்ணுக்கு என்ன தெரிகிறது?

அமெரிக்காவும் இதில் உழன்றிருக்கிறது. எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1974-ல் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்று ஒரே வரம்பு வைத்தார்கள். உயிரைக் காப்பதற்கு அல்ல, பெட்ரோலை மிச்சம்பிடிப்பதற்கு. 1995-ல் அதை நீக்கி, எண்ணை மாநிலங்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இன்று அங்கேயும் மாநிலம் தாண்டினால் பலகை மாறுகிறது. ஆனால் பலகை இருக்கிறது.

குமாரபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்தைக் கடந்து, பவானியை ஒட்டிக் காவிரியைத் தாண்டினால் ஈரோடு மாவட்டம். பெருந்துறை சிப்காட், விஜயமங்கலம் சுங்கச்சாவடி. இடது கைப் பக்கம் சென்னிமலை. அதற்கப்பால் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. இரும்பை உருக்கி, கல்மணி கோத்து, மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களோடு வணிகம் செய்த பழைய தொழில் ஊர். பாலக்காட்டுக் கணவாய் வழியே கடலுக்குச் சரக்கு அனுப்பும் வேலையை இந்தப் பகுதி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறது. அன்றைக்கு வேக வரம்பைப் பொதிமாடு வைத்தது.

செங்கப்பள்ளியில் சாலை ஆறுவழியாக விரிகிறது. ஓட்டுகிறவரின் வலது கால் தானாகவே இன்னும் கொஞ்சம் அமுங்கும் இடம் இது. அதே இடத்தில்தான் பனியன் கம்பெனி நாடு தொடங்குகிறது.

திருப்பூரின் தொழில் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், பிரிண்டிங் வேறிடம், கட்டிங்கும் தையலும் இன்னோரிடம். துணி உருளை குட்டியானை வண்டியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கித்தான் சட்டையாகிறது. தாமதம் எந்தக் கட்டத்தில் நடந்தாலும் அதை ஈடுகட்டுவது கடைசிக் கட்டம். கடைசிக் கட்டம் என்பது சாலை. கப்பலுக்கு ‘கட் ஆஃப்’ நேரம் உண்டு. அதற்குள் கன்டெய்னர் துறைமுகக் கேட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். தவறினால் வாங்குகிற வெளிநாட்டுக்காரர் விலையைக் குறைப்பார், அல்லது விமானத்தில் அனுப்பு என்பார். விமானச் செலவு கம்பெனியின் தலையில். “வண்டி எங்கைங் வருது?” என்று இரவு முழுக்க போன் வந்துகொண்டே இருக்கும். டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர் காட்டும் எண்ணைவிட அந்தப் போன்தான் வேகத்தை முடிவுசெய்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். துறைமுகம் வரை 220 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிற்காமல் 60-ல் போனால் 3 மணி 40 நிமிடம். 80-ல் போனால் 2 மணி 45 நிமிடம். 100-ல் போனால் 2 மணி 12 நிமிடம். லாரியின் உச்சமான 80-ஐ மீறி 100 தொட்டு ஓட்டினால் மிச்சமாவது 33 நிமிடம். மோதலின் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-லிருந்து 100-க்குப் போகும்போது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை நான் பெருமாநல்லூர்ப் பக்கம் நின்று போட்டேன். ஷிப்ட் விட்ட நேரம். தூக்குப்போசியோடு சாலையோரம் நின்ற ஒரு பெண், சுரங்கப்பாதை வரை நடந்து சுற்றிவர நேரமில்லாமல், நேரே கடக்கப் பார்த்தார். மூன்று தடமும் ஓரப் பகுதியும் சேர்ந்தால் 12 மீட்டர். சாதாரண நடையில் 10 நொடி. 100-ல் வரும் கார் 10 நொடியில் 280 மீட்டர் ஓடிவிடும். அதாவது அவர் காலை எடுத்துவைக்கும்போது 280 மீட்டருக்கு அப்பால் இருக்கும் விளக்கின் வேகத்தை அவர் சரியாகக் கணிக்க வேண்டும், இருட்டில், பத்து மணி நேரம் தைத்த கண்ணோடு. வண்டி 60-ல் வந்தால் அந்தத் தூரம் 167 மீட்டர். அவர் பாதி தூரம் போய்த் திரும்பி வந்துவிட்டார். மறுபடியும் நின்றார். சாலையின் அகலத்தைப் பார்த்து எண்ணை ஏற்றியவர்கள், அந்த அகலத்தை ஒருவர் நடந்து கடக்க வேண்டியிருக்கும் என்பதை எண்ணினார்களா? எனக்குச் சொல்வதற்கு இருப்பது இது ஒன்றுதான். எத்தனை தடம் என்பதை வைத்து எண் வைக்கிறோம். யார் கடக்கிறார்கள் என்பதை வைத்து வைக்க வேண்டும்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேரின் சாவை ‘அதிவேகம்’ என்ற கட்டத்தில் அரசு பதிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர்.

அவிநாசிக்கு ஒரு கதை உண்டு. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடித் திரும்பப் பெற்ற தலம் அது. அந்த ஊருக்கு அருகே 2020 பிப்ரவரி 20 விடியற்காலையில், பெங்களூருவிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசு பஸ் மீது, எதிர்த்திசையில் டைல்ஸ் ஏற்றி வந்த கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. 19 பேர் திரும்பவில்லை. லாரி ஓட்டியவர் கண் அசந்துவிட்டார் என்றது விசாரணை. தூக்கத்தை எந்தப் பலகையும் தடுக்காது, உண்மை. ஆனால் தூங்கும் கையில் இருக்கும் வண்டி என்ன வேகத்தில் தடுப்பைத் தாண்டுகிறது என்பது எண்ணின் விஷயம். அவரை அந்த நேரத்தில் தூங்கவிடாமல் ஓடவைப்பது எது என்பதும்தான்.

கருமத்தம்பட்டி, கணியூர் சுங்கச்சாவடி, நீலாம்பூர். நேரே போனால் அவிநாசி சாலை கோவைக்குள் நுழையும். இங்கே 2025 அக்டோபரில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்து ஜி.டி.நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ் ஓட்டித் தொடங்கியவருக்குப் பொருத்தமான பெயர். கொச்சிக்குப் போகிறவர்கள் நீலாம்பூரிலேயே இடப்பக்கம் திரும்பி, எல் அண்ட் டி பைபாஸ் என்று எல்லோரும் சொல்லும் சாலையைப் பிடிப்பார்கள். மதுக்கரை வரை 28 கிலோமீட்டர். ஆறுவழியில் பறந்துவந்த வண்டி அப்படியே இருவழிக்குள் விழும். நடுவில் தடுப்பு கிடையாது. அதே கார், அதே ஓட்டுநர், அதே பகல். மத்திய அறிவிக்கையின்படி ஒரு திருப்பத்தில் வரம்பு 100-லிருந்து 70 ஆகிறது. லாரிக்கு 80-லிருந்து 60. மாநிலம் மாறவே இல்லை. பல ஆண்டுகளாக இந்தப் பைபாஸில் நேருக்கு நேர் மோதி இறந்தவர்களைப் பற்றிக் கோவைப் பதிப்புகளில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

2018 அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. காஞ்சிபுரம் பக்கத்தில் நடந்த விபத்தில் உடல் இயக்கத்தின் பெரும்பகுதியை இழந்த ஒரு பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கு அது. நீதிபதிகள் என்.கிருபாகரன், டி.வி.தமிழ்ச்செல்வி அமர்வு இழப்பீட்டை 18 லட்சத்துச் சொச்சத்திலிருந்து ஒன்றரைக் கோடி ரூபாயாக உயர்த்தியதோடு, வேகத்தைக் குறைத்துப் புதிய அறிவிக்கை வெளியிடச் சொன்னது. நான் பேசிய ஓட்டுநர்களில் ஒருவருக்கும் இப்படி ஒரு தீர்ப்பு வந்தது தெரியாது. ஓர் உடல் சிதைந்த வழக்கிலிருந்து நாட்டின் எண்ணையே கேள்வி கேட்ட தீர்ப்பு, சிவப்பு வட்டம் வரை நடந்து வரவில்லை.

மதுக்கரை தாண்டினால் காடு. சாலைக்குப் பக்கத்தில் ரயில்பாதை. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தன. அதன்பின் இந்தப் பகுதியில் கோபுரம் நட்டு, கேமரா வைத்து, யானை நெருங்கினால் ரயிலுக்குச் செய்தி போகும் ஏற்பாடு 2024 பிப்ரவரியில் வந்தது. கடக்கிற உயிர் எது, எந்நேரத்தில் கடக்கிறது என்று பார்த்து வேகத்தை நிர்ணயிக்க நமக்குத் தெரியும் என்பதற்கு இங்கேயே சாட்சி இருக்கிறது. யானைக்குச் செய்ததைப் பெருமாநல்லூரில் நின்ற பெண்ணுக்கும் செய்யலாம்.

வாளையாறு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும் வரை வரிச் சோதனைக்காக லாரிகள் மைல்கணக்கில் நின்ற இடம். இப்போது வண்டி நிற்காமல் எல்லையைக் கடக்கிறது, எண் மட்டும் மாறுகிறது. கேரளம் 2023 ஜூலை 1 முதல் தன் வரம்புகளைத் திருத்தியது. காருக்கு நான்குவழி தேசிய நெடுஞ்சாலையில் 90-லிருந்து 100, ஆறுவழியில் 110. லாரிக்கு 70-லிருந்து 80. பெரும்பாலானவை ஏறியபோது ஒன்று இறங்கியது: இருசக்கர வண்டிக்கு 70-லிருந்து 60. மத்திய அறிவிக்கை பைக்குக்கு நான்குவழியில் 80 என்கிறது. ஆக, எல்லைக்கு இந்தப் பக்கம் எட்டிமடையில் 75-ல் போகும் பையன், சில நிமிடத்தில் கையைத் திருப்பாமலே குற்றவாளியாகிறான். வரம்பைத் திருத்துவதற்குச் சற்று முன், ஜூன் 5-ல், 726 கேமராக்கள் வழியே அபராதம் விதிக்கத் தொடங்கியிருந்தது அந்த மாநிலம். விபத்துகளில் பெரும்பகுதி இருசக்கர வண்டிகளுடையது என்பதால் பைக்குக்குக் குறைத்தோம் என்றார்கள். சரியான காரணம் என்றே நினைக்கிறேன். எண்ணை வண்டியின் சக்திக்கு வைக்காமல், விழுகிறவனின் உடம்புக்கு வைத்த ஒரே இடம் அது.

பாலக்காட்டைத் தாண்டி வடக்கஞ்சேரி அருகே 2022 அக்டோபர் 5 இரவில், ஊட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த சுற்றுலா பஸ், முன்னே போன அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். ஐவர் மாணவர்கள். மோதும்போது வேகம் 97.7. அதில் 80-க்கு மேல் போகவிடாத ஸ்பீடு கவர்னர் இருந்திருக்க வேண்டும், அதைத் திருத்திவைத்திருந்தார்கள். அப்போது கேரளத்தில் நான்குவழியில் பஸ்ஸுக்கு வரம்பு 70. ஒன்பது மாதத்தில் அது 90 ஆனது. சட்டம் பொருத்தச் சொன்ன கருவியோ 80-லேயே நிற்கிறது. கருவி ஒன்று சொல்ல, பலகை வேறொன்று சொல்ல, ஓட்டுநர் எதை நம்புவார்?

வடக்கஞ்சேரியிலிருந்து மண்ணுத்தி வரை ஆறுவழி. நடுவே குதிரான் குகைப்பாதை, 2021 ஜூலையில் முதல் குழாய் திறந்தது. மலையை இரண்டு மணி நேரம் ஊர்ந்து கடந்தது பழைய நினைவாகிவிட்டது. அதன் பிறகு திருச்சூர், சாலக்குடி, அங்கமாலி. அடிப்பாலம் கட்டும் வேலையால் வண்டிகள் மணிக்கணக்கில் நின்ற பகுதி. இப்படி நிற்கவைக்கும் சாலைக்குச் சுங்கம் எதற்கு என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் பாலியேக்கரைச் சுங்க வசூலையே சில மாதங்கள் நிறுத்திவைத்தது. அந்த நாட்களில் 100 என்ற எண்ணுக்கும் சாலைக்கும் தொடர்பே இல்லை. இங்கே தோண்டிக்கொண்டிருந்தவை, கடக்கிறவர்களுக்கான அடிப்பாலங்கள். முதலிலேயே கட்டியிருக்க வேண்டியவை.

ஆலுவா தாண்டியதும் களமசேரியில் கன்டெய்னர் லாரிகள் வல்லார்பாடம் துறைமுக முனையத்துக்குப் பிரிகின்றன. நான் நேரே இடப்பள்ளி வரை வந்தேன். நகரச் சாலை, வரம்பு 50, நெரிசலில் 20 கூட எட்டவில்லை. திரும்பும்போது களமசேரி பிரிவில் கோவை, ஈரோடு எண்களோடு நான்கைந்து வண்டிகள் ஓரம்கட்டி நின்றன. ஒரு கிளீனர் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இருக்கையில் காலை நீட்டி, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போன் அடித்து, நின்று, மறுபடியும் அடித்தது.