கற்றலும் ஓர் அமானிதமே

கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாங்கள் பயின்ற நாள்களில், டைக்ளோஃபினாக் மாடுகளின் வலிக்கும் காய்ச்சலுக்கும் உகந்த மருந்தாகவே போதிக்கப்பட்டது. மாட்டுக்கு அது நன்மையே செய்தது. ஆனால், ஊசி போட்ட சில நாள்களுக்குள் மாடு இறந்து, அதன் உடலைப் பாறுக் கழுகுகள் உண்டால், அவை சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. இவ்வுண்மை 2004இல் ஆய்வின் வழியே வெளிவந்தது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. அதற்குள் நம் நாட்டின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்டவை அழிந்துவிட்டிருந்தன.

பட்டம் பெற்றதும் நூலை மூடிவைத்த மருத்துவர் இதனை எங்ஙனம் அறிவார்? மாற்றாகப் பயன்பட்ட அசெக்ளோஃபினாக்கும் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. அதனையும் கீட்டோபுரோஃபெனையும் அரசு 2023இல் தடைசெய்தது. பாறுகளுக்குத் தீங்கற்றது என உறுதிசெய்யப்பட்ட மெலாக்சிகாம் கைவசம் உள்ளது.

“பழைய ஊசியையே போடுங்கள் டாக்டர், உடனே கேட்கும்” என்போர் இன்றும் உண்டு. மனிதருக்கான மருந்தைக் கடையில் வாங்கிவந்து நீட்டுவோரும் உண்டு. அவர்களுக்குப் பொறுமையாகக் காரணத்தை விளக்கிய பின்னரே சிகிச்சையைத் தொடங்குகிறோம்.

வாயில்லா உயிர்கள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அல்லவா? முதுமலையை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகளும் அதில் அடங்கும். ஆகவே, தொடர்கல்விப் பயிற்சிகளில் அமர்ந்து மாணவர்களாய்க் குறிப்பெடுப்பதை எங்கள் மார்க்கக் கடமையின் ஒரு பகுதியாகவே கருதுகிறோம்.