ஐந்நூறும் தொண்ணூறும்

2022 பொங்கல் கழிந்த வாரம் அந்தத் தம்பதி என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவர் கோவை கணபதிப் பக்கம் ஒரு பம்ப்செட் பட்டறையில் தரப் பரிசோதகர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது முழுக்க மனைவிதான். வீட்டில் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர். நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

“இவரு சீட்டாடித் தொலைச்சது தொலையட்டுமுங்க. அதுக்கு நான் வரல. ஒவ்வொரு ஆயிரத்துக்குக் கீழயும் ஒரு ஐந்நூறு, ஒரு தொண்ணூறு வருதே, அது யாருக்குப் போகுதுங்க?”

கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்து வரிவரியாக எழுதிக் கூட்டியிருந்தார். 2021 செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதங்களில் ரம்மி ஆப்புக்கு 41 முறை பணம் போயிருந்தது. 36 முறை ஆயிரம், 5 முறை ஐந்நூறு. ஆக, 38,500 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் வங்கி 500 ரூபாய் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாயும் போட்டிருந்தது. மொத்தம் 24,190 ரூபாய். வட்டி தனி.

முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த வங்கியின் கட்டணப் பட்டியலைத் தேடி எடுத்துப் படித்தபோதுதான் விளங்கியது. கார்டைப் போட்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்தால் 2.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய். எடுத்த நாளிலிருந்தே மாதம் 3.5 சதவீத வட்டி. கடையில் பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. இவருடைய ஆட்டப் பணத்தையும் வங்கி ரொக்கம் எடுத்ததாகவே கணக்கில் கொண்டுவந்துவிட்டது. கார்டு வலையமைப்பில் ஒவ்வொரு வியாபாரிக்கும் நான்கு இலக்க வகை எண் ஒன்று உண்டு. பந்தயம், சூதாட்டத்துக்கு 7995. வியாபாரியின் தரப்பு வங்கி கொடுக்கும் எண் அது. கார்டு வைத்திருப்பவர் கண்ணில் அது படவே படாது. இவருக்கு வந்த ஓடிபி குறுஞ்செய்தியில் இருந்தது ‘பர்ச்சேஸ்’ என்ற சொல்தான்.

2.5 சதவீதம் மட்டும் பிடித்திருந்தால் மொத்தக் கட்டணம் 962 ரூபாய் 50 காசு. ‘குறைந்தது 500’ என்ற இரண்டு சொற்கள்தான் அதை 20,500 ஆக்கியிருந்தன. ஒரே தடவையாக ஏடிஎம்மில் 20,000 எடுத்திருந்தாலும் கட்டணம் அதே 500தான். பயந்து பயந்து ஆயிரம் ஆயிரமாகப் போட்டவருக்குத்தான் இந்த அடி.

அன்றிரவு எழுதிய முதல் மனுவை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 30: பந்தய ஒப்பந்தம் செல்லாது. செல்லாத ஆட்டத்துக்குக் கொடுத்த கடனும் செல்லாது, ஆகவே 38,500ஐயும் திருப்பிக் கேட்க வங்கிக்கு உரிமையில்லை என்று ஆவேசமாக எழுதியிருந்தேன். 1998இல் கலிஃபோர்னியாவில் இணையச் சூதாட்டத்தில் கார்டுக் கடன் ஏறிய ஒரு பெண் வங்கியை எதிர்த்து நின்று, கடைசியில் வங்கி சமரசத்துக்கு வந்த கதையையும் சேர்த்தேன். சூதாட்டத்தின் கேடு பற்றி ஒன்றரைப் பக்கம் வேறு.

என் ஜூனியர் படித்துவிட்டு, “சார், நம்ம கட்சிக்காரரையே நாம திட்டுற மாதிரி இருக்கு” என்றாள். சட்டமும் அவள் பக்கம்தான். 1959இல் கெருலால் பரேக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பந்தய ஒப்பந்தம் செல்லாதே தவிர சட்டவிரோதம் அல்ல என்று சொல்லிவிட்டது. அதைச் சார்ந்த கடன் நிற்கும். போதாததற்கு, ரம்மி திறமை விளையாட்டு என்று 1968லேயே தீர்ப்பு உண்டு. ஆன்லைன் ரம்மியைத் தடுத்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று ரத்து செய்திருந்தது. இவர் ஆடிய இரண்டு மாதங்களும் அதற்குப் பிந்தியவை. ஆட்டத்தைத் தொட்டால் வழக்கு கவிழும். அம்மணி முதல் நாளே அதை ஒதுக்கிவிட்டுத்தான் பேசினார். எனக்குத்தான் காது கேட்கவில்லை.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்றும் யோசித்தேன். வங்கியின் வணிக முடிவுகளில் அவர் தலையிட மாட்டார். கட்டணம் வைப்பதே வணிக முடிவு என்று தள்ளிவிட்டால் என்ன செய்வது? மேலும், அப்போது நடப்பில் இருந்த 2021 திட்டப்படி வக்கீல் மூலம் அங்கே புகார் கொடுக்க முடியாது. பிழைப்பு போகுமென்று பயந்துதான் நான் போகவில்லை என்பது நண்பர்களின் கேலி. கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். 5 லட்சம் வரை அங்கே மனுக் கட்டணம் இல்லை.

கேட்டது இரண்டே விஷயம். கார்டு கொடுத்தது 2018இல். அப்போது தெரிவிக்காத கட்டணத்தை வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது, மாற்றினால் ஒரு மாதம் முன்னறிவிப்பு வேண்டும் என்றது ரிசர்வ் வங்கியின் 2015 சுற்றறிக்கை. முக்கிய நிபந்தனைகள் ‘ஏரியல் 12’க்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. வங்கி காட்டிய அடிக்குறிப்பைப் படிக்க என் ஜூனியருக்கே பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. ‘ரொக்கத்துக்கு நிகரான பரிவர்த்தனை’ என்ற அந்த வரி 2018 ஏட்டில் இல்லை, பிறகு வந்தது. எப்போது அறிவித்தார்கள் என்பதற்குத் தாள் ஒன்றும் வரவில்லை.

இரண்டாவது விஷயம் நோட்டிலிருந்து கிடைத்தது. பில்லின் தலைப்பில் இருந்த எண்களையும் அம்மணி விடாமல் எழுதியிருந்தார். கார்டின் வரம்பு 1,00,000. அதில் ரொக்க வரம்பு 20,000. இரண்டு மாத பில்லிலும் ‘மீதமுள்ள ரொக்க வரம்பு 20,000’ என்றே அச்சாகியிருந்தது. 38,500 ரூபாய் ரொக்கம் எடுத்தவருக்கு ரொக்க வரம்பில் ஒரு பைசா குறையவில்லை!

வங்கியின் எதிருரை நீளமானது. கார்டுதாரர் மனமறிந்து ஓடிபி கொடுத்தார், ஆட்டம் அவருடைய பழக்கம், வங்கிக்கு அதில் பொறுப்பில்லை. எல்லாம் சரிதான். நான்கைந்து வாய்தா ஓடியபின், வாதத்தின்போது ஆணைய உறுப்பினர் அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “இது ரொக்கம்னா ரொக்க வரம்புல ஏன் கழிக்கல? இருபதாயிரம் தாண்டினதும் மெஷின் மறுத்திருக்கணுமே. பொருள்னா ஐந்நூறு எதுக்கு?” வங்கி வக்கீல் பழுத்தவர். விவரம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவகாசம் வாங்கினார். அடுத்த வாய்தாவுக்கு முன் தாழ்வாரத்தில் என் தோளில் கை போட்டார். கட்டணமும் ஜிஎஸ்டியும் முழுசாகத் திரும்பும், வட்டியில் கை வைக்க வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம்.

எனக்குத் தீர்ப்பு வேண்டியிருந்தது. வாங்கியிருந்தால் அதே அடிக்குறிப்பில் சிக்கிய மற்றவர்களுக்கும் உதவியிருக்கும். ஆனால் தவணை கட்டிக்கொண்டிருந்தது அந்தத் தம்பதி; மேல்முறையீடு என்றால் இன்னும் எத்தனை வருஷமோ. சரி என்றேன்.

தட்டச்சாகி வந்த சமரச மெமோவைத் தாழ்வார பெஞ்சில் வைத்துப் படித்துக் காட்டினேன். 24,190 ரூபாய் மனுதாரரின் கார்டு கணக்கில் வரவு வைக்கப்படும். அந்த ஒரு வருஷத்தில் கணவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அப்போதுதான் வந்தது.

“சார், வரவு வெச்சுட்டாங்கன்னா, அந்த அளவுக்கு லிமிட் மறுபடி திறந்துருமுங்களா?”

அம்மணி ஒன்றும் சொல்லவில்லை. மடியில் இருந்த நோட்டை மூடினார்.

நான் மெமோவைத் திரும்ப வாங்கி, வரவு நிலுவையில் கழிக்கப்படும், கார்டு இன்று முதல் நிரந்தரமாக முடக்கப்படும் என்று பேனாவால் ஒரு வரி சேர்த்தேன். “உங்க கட்சிக்காரர் இதைக் கேக்கலையே சார்” என்றார் வங்கி வக்கீல். கேட்கவில்லைதான். கையால் சேர்த்த வரிக்குப் பக்கத்தில் என் கட்சிக்காரர் சுருக்கொப்பம் போட்டால்தான் அது நிற்கும். பேனாவை நீட்டினேன். உள்ளே எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் அவர் பேனாவை வாங்கினார்.