பேக்கப் எடுக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?



ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார். பதிலாகப் பத்துப் பதினைந்து பெயர்கள் வந்து விழுந்தன. அது ஏன் நல்லது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இதே கேள்விக்காக நான் இரண்டு மாதம் மெனக்கெட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், என் லேப்டாப்பில் 212 நாட்டுப்புறப் பாடல்கள் இருக்கின்றன. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. சுற்றுவட்டார ஊர்களில் பாட்டிமார்களைப் பாடச் சொல்லிப் பதினோரு ஆண்டுகளாகப் பதிவு செய்தவை. பாடியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்று உயிரோடு இல்லை. "எங்க ஆத்தா குரல் உங்ககிட்ட மட்டுந்தான் சார் இருக்கு" என்று ஒரு பேரன் சொன்னான். அந்த வார்த்தைக்குப் பிறகு ஒரே ஒரு டிஸ்கை நம்பி உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மென்பொருளைத் தேடுவதற்கு முன்னால் கோப்புகளை மூன்றாகப் பிரித்தேன். முதலாவது, தொலைந்தாலும் மறுபடி கிடைப்பவை: சினிமா, இணையத்தில் இறக்கிய பிடிஎஃப். இரண்டாவது, அலைந்தால் கிடைப்பவை: சான்றிதழ், ஓய்வூதிய ஆணை நகல், வருமான வரிக் கணக்கு. மூன்றாவது, எங்கே போய் நின்றாலும் கிடைக்காதவை: குடும்பப் படங்கள், இந்தப் பாடல்கள், நாம் கைப்பட தட்டச்சு செய்தவை. முதல் வகைக்கு பேக்கப் தேவையே இல்லை. அதை ஒதுக்கியதும் வேலை பாதியாகக் குறைந்தது.

"நான்தான் கூகுள் டிரைவில் வைத்திருக்கிறேனே" என்பார்கள். கூகுள் டிரைவையோ ஒன்டிரைவையோ கணினியோடு இணைத்து வைத்தால், அது இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளும். இங்கே நாம் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும்; அதற்குப் பிறகு போனது போனதுதான். இலவச இடமும் கூகுளில் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலுக்கும் படங்களுக்கும் சேர்த்து. ஒன்டிரைவில் 5 ஜிபி. இரண்டு வருடம் ஒரு கூகுள் கணக்கைத் தொடவே இல்லையென்றால் அதை நீக்கிவிடும் உரிமையையும் அந்நிறுவனம் வைத்திருக்கிறது. நம் காலத்துக்குப் பிறகு அந்தக் கணக்கை யார் தொடப் போகிறார்கள்? கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும் போதாது.

இனி மென்பொருள்கள். பெயர்கள் நூறு இருந்தாலும் வகைகள் நான்குதான்.

1. இருப்பதை இருந்தபடி நகலெடுப்பவை. ஃப்ரீஃபைல்சிங்க் இந்த வகை; இலவசம். நகலெடுத்த டிஸ்கை எந்தக் கணினியில் செருகினாலும் கோப்புகள் அப்படியே திறக்கும்.

2. பழைய வடிவங்களையும் சேர்த்து வைப்பவை. விண்டோஸ் 8-இல் இருந்து விண்டோஸிலேயே வரும் ஃபைல் ஹிஸ்டரி, ஆப்பிள் கணினியில் டைம் மெஷின். இன்று ஒரு கட்டுரையைக் கெடுத்துவிட்டால் நேற்றைய வடிவத்தை எடுக்கலாம். ஆனால் ஃபைல் ஹிஸ்டரி டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற இடங்களைத்தான் தானாக எடுக்கும். டி டிரைவில் தனியாக வைத்திருப்பதை நாம் சேர்க்காவிட்டால் எடுக்காது.

3. எல்லாவற்றையும் பூட்டித் தன் வடிவத்தில் மூட்டை கட்டுபவை. டுப்ளிகாட்டி இப்படி. இடம் மிச்சம், பாதுகாப்பும் அதிகம். ஆனால் பாஸ்வேர்டு மறந்தால் ஆண்டவனாலும் திறக்க முடியாது.

4. விண்டோஸோடு சேர்த்து முழு டிஸ்கையே படி எடுப்பவை. வீம் ஏஜென்ட் இதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. பலர் பரிந்துரைத்த மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தேடாதீர்கள்.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? நான் கேட்டுக்கொண்டது ஒரே கேள்வி. நான் இல்லாத நாளில், கணினியில் பெரிய தேர்ச்சி இல்லாத என் மனைவியோ, திருச்சியில் இருக்கும் மகளோ இந்த டிஸ்கைச் செருகினால் அந்தப் பாட்டியின் குரல் கேட்குமா? நான்காவது வகை கணினி படுத்துவிட்டால் உதவும். ஆனால் அதைத் திறக்கவும் மூன்றாவது வகையைத் திறக்கவும் அந்தந்த மென்பொருள் வேண்டும், விவரம் தெரிந்த ஆளும் வேண்டும். என் தேவைக்கு முதல் வகையே சரி என்று ஃப்ரீஃபைல்சிங்க்கை எடுத்துக்கொண்டேன்.

அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'மிர்ரர்' என்ற முறையில் வைத்தால், கணினியில் அழித்தது டிஸ்கிலும் அழியும். நான் வைத்திருப்பது 'அப்டேட்' முறை. புதியதையும் மாறியதையும் மட்டும் நகலெடுக்கும், எதையும் அழிக்காது. கூடவே 'வெர்ஷனிங்' என்பதையும் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு கோப்பு மாறியிருந்தால் பழையதைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கும். 'கம்பேர்' பொத்தானை அழுத்தினால் என்னென்ன மாறப்போகிறது என்று முதலில் பட்டியல் காட்டும். அதைப் பார்த்த பிறகே அடுத்த பொத்தான்.

ஆதார், பான் நகல்களைத் திறந்த டிஸ்கில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கக் கூடாது. அவற்றை மட்டும் 7-ஜிப் என்ற இலவச மென்பொருளால் பாஸ்வேர்டு போட்டுக் கட்டிவிட்டேன். பாஸ்வேர்டு ஒரு நோட்டில் எழுதி பீரோவில் இருக்கிறது. வீட்டில் இருவருக்கும் இடம் தெரியும்.

டிஸ்க் எங்கே இருக்கிறது என்பதும் மென்பொருள் அளவுக்கு முக்கியம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கும். அந்த மாதிரி வைரஸ்கள் கணினியில் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டும். நகலெடுத்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எத்தனை பேர் சான்றிதழ்களை இழந்தார்கள்! நகல் சான்றிதழ் கொடுக்க அரசு சிறப்பு முகாம்களே நடத்தியது. அலமாரியில் பத்து டிஸ்க் இருந்தாலும் வீடு ஒன்றுதானே. அதனால் "மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில்" என்ற கணக்கை வல்லுநர்கள் சொல்கிறார்கள். என் இரண்டாவது டிஸ்க் மகள் வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவள் வரும்போது இரண்டையும் மாற்றிக்கொள்கிறோம்.

கடைசியாக, பரீட்சை. "படிச்சிட்டேன் சார்" என்று பையன் சொன்னால் நாம் விட்டுவிடுவோமா? எழுதிக் காட்டச் சொல்வோம். பேக்கப்பும் அப்படித்தான். "வெற்றிகரமாக முடிந்தது" என்று திரையில் வருவதை நம்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் மனைவியிடம் டிஸ்கைக் கொடுத்து, ஏதாவது ஒரு பாட்டை அவர் கணினியில் போட்டுக் காட்டச் சொல்கிறேன். நான் பக்கத்தில் போய் உதவுவதில்லை. முதல் முறை இருபது நிமிடம் ஆயிற்று. இப்போது இரண்டு நிமிடம்.

ஓலைச்சுவடிகள் நம் கைக்கு வந்து சேர்ந்ததும் இந்த வழியில்தான். ஓலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகள்தான், செல்லும் தின்னும். தலைமுறைக்குத் தலைமுறை யாரோ உட்கார்ந்து பெயர்த்தெழுதியதால்தான் உ.வே.சா. போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடியபோது பிரதிகள் கிடைத்தன. பெயர்த்தெழுதாமல் விட்டவை பெயர்கூடத் தெரியாமல் போயின. ஹார்ட் டிஸ்குக்கு ஓலை அளவு ஆயுளும் கிடையாது. நானும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புது டிஸ்குக்கு மாற்றிவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். "எங்கே போய் நின்றாலும் கிடைக்காதவை" எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். மென்பொருளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விவரம் தெரிந்த என் மாணவர்கள் இதைவிட எளிய வழி இருந்தால் எழுதுங்கப்பா, நானும் கற்றுக்கொள்கிறேன்.